சாப்பாட்டு மேசையில் சம்பந்திப் போர்

வேலை செய்யும் இடத்தில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பல் செய்கிற அக்கா, நாளடைவில் சுருங்கிப் பல்லக்கா ஆகிவிட்டாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் யாரோ பல்லக்கில் ஏறி வருகிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் வந்து இறங்குவது என்னவோ உதைத்து உதைத்துக் கிளப்ப வேண்டிய பழைய ஸ்கூட்டரில். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்து, மெழுகில் ஈறு கட்டி, அதில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றி, ஊரில் பாதிப் பேரைச் சிரிக்க வைப்பதுதான் தொழில். இருபத்திரண்டு வருஷ அனுபவம். கடைவாய்ப் பல் ஒரு மயிரிழை உயர்ந்திருந்தாலும் விரலால் தடவியே சொல்லிவிடுவாள்.

அந்தப் பல் ஆய்வகத்தின் பின்னறையில், பிளாஸ்டர் மூட்டைகளுக்கு மேலே இருந்த அலமாரித் தட்டில், அவளுக்குச் சொந்தமாக ஒரு படை இருந்தது. கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள், சுண்டுவிரல் நீளக் குதிரைகள். கார்த்தேஜ் படை. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் மத்தியதரைக் கடலுக்குத் தெற்கே இருந்துகொண்டு, வடக்கே இருந்த ரோமாபுரியின் தூக்கத்தைக் கெடுத்த நகரம் அது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டைப்படத்து யானைக்காக ஒரு புத்தகத்தை எடுத்தாள். வீட்டுக்கு வந்து பிரித்தால், கதையும் இல்லை, வரலாறும் இல்லை, ஆட்ட விதிகள். மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, அளக்கிற டேப்பால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். ஒரே மூச்சில் படித்து முடித்தபோது, அடுப்பில் வைத்த பால் முழுவதும் பொங்கித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

சிப்பாய்களைத் தபாலில் வரவழைத்தாள். யானைகளைத் தன் கையாலேயே செய்தாள். மெழுகில் உடம்பு செதுக்கி, அச்செடுத்து, பல் செட்டுக்கு ஊற்றுகிற அதே அக்ரிலிக்கை ஊற்றினாள். தந்தத்துக்கு முன்பல் போடுகிற பொருளையே போட்டாள், கொஞ்சம் மஞ்சள் தட்டிய நிறமாகப் பார்த்து. பெரிய யானைக்குப் பெரியவள் என்று பெயர். சின்னதுக்குக் குட்டி. குட்டியின் பாதத்து நகங்களைப் போட மட்டும் நாலு மதியச் சாப்பாட்டு இடைவேளை பிடித்தது.

எல்லாம் இருந்தது, எதிராளிதான் இல்லை. மதியச் சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டு, ரோமானியருக்குப் பதிலாக மூடிகளையும் நட்டுகளையும் நிறுத்தி, மேசையைச் சுற்றி வந்து இரண்டு பக்கமும் தானே ஆடுவாள். தன்னைத் தானே ஏமாற்ற முடியாததால் ஒரு ஆட்டமும் சுவைக்கவில்லை. பொறி வைப்பதும் அவள்தான், பொறியைத் தாண்டிப் போவதும் அவள்தான்.

இப்படி இருக்கும்போதுதான், கல்யாணம் ஆகி எட்டு மாதமான மகள் ஒரு நாள் போன் செய்தாள்.

"அம்மா, உக்காந்துக்கோ. மாமா ரூம்ல ஒரு மர அலமாரி இருக்குன்னு சொன்னேன்ல, எப்பவும் பூட்டியே இருக்கும்னு?"

"ஆமா."

"இன்னிக்குத் தூசி தட்டணும்னு சாவி குடுத்தாரு. உள்ள முழுக்க ரோமன் சோல்ஜர்ம்மா! வரிசை வரிசையா! கேடயத்துல ஒவ்வொண்ணுலயும் இறக்கை வரைஞ்சிருக்கு!"

பல்லக்கா உட்காரவில்லை. நின்றுகொண்டிருந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தாள். கையில் இருந்த மேல்வரிசைப் பல் செட் நழுவப் பார்த்தது.

"நீ என்ன சொன்ன?"

"எங்கம்மாகிட்ட யானை இருக்கு மாமான்னு சொன்னேன். அவரு மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. எத்தனை யானைன்னு."

சம்பந்தி அப்படிப்பட்ட மனிதர். பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு எங்கே திரும்ப வேண்டும் என்று முப்பது வருஷமாக நிமிஷக் கணக்கில் எழுதி எழுதி, பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. கல்யாணப் பேச்சு நடந்த மூன்று மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்தது "சரி", "நல்லது", "பார்க்கலாம்" ஆகிய மூன்று வார்த்தைகள்தான். அவர் எதிரில் உட்கார்ந்தால் பல்லக்காவுக்கு ஏதோ பரீட்சைக்கு வந்த மாதிரி இருக்கும். அந்த மனிதரோடு சண்டை போடுவதா!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என்று நாள் குறித்தார்கள். பல்லக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டு மேசையோடு படிக்கிற மேசையையும் சேர்த்துப் போட்டு, உயரம் ஒட்டாத இடத்தில் காலுக்கடியில் தகடு செருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, "குமிழி நடுவுல நிக்குது, இனிமே உன் யானை சறுக்காது" என்றார். மேலே பச்சைத் துணி விரித்து, அதற்கடியில் தலையணையையும் இரண்டு டிக்ஷனரிகளையும் வைத்ததும் குன்றுகள் எழுந்தன. நீல ரிப்பன் ஆறாயிற்று.

எல்லாம் முடிந்தபின் கணவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"இந்தா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அவர் ஜெயிக்கட்டும்."

"ஏன்?"

"ஏன்னா? மாப்பிள்ளையோட அப்பா. கல்யாணத்துக்கப்புறம் முதல் தடவையா நம்ம வீட்டுக்கு வர்றாரு. வந்தவரைக் கூப்பிட்டு வச்சுத் தோக்கடிச்சு அனுப்பினா நல்லாவா இருக்கும்? நம்ம பொண்ணு அந்த வீட்டுல இருக்கா."

மகளும் முந்தின நாளே போனில் அதையேதான் சுற்றி வளைத்துச் சொல்லியிருந்தாள். ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த முதல் எதிராளி, அவரிடமும் விட்டுக்கொடுத்து ஆட வேண்டுமா? ஆனாலும் மகள் முகம் கண்முன் வந்தது. சரி, இந்த ஒரு தடவை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பத்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது சம்பந்தி வாசலில் நின்றார். இரண்டு கையிலும் கண்டக்டர்கள் வைத்திருக்கும் பழைய தகர டிக்கெட் பெட்டிகள். பின்னால் மகளும் மாப்பிள்ளையும்.

"வாங்க சம்பந்தி, வாங்க. பஸ்ல கூட்டமா?"

"ரெண்டு பஸ் மாறினேன். ரெண்டாவது மூணு நிமிஷம் லேட்" என்றார். அவர் இதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

பெட்டியைத் திறந்தார். டிக்கெட் கட்டுகள் இருக்க வேண்டிய அறைகளில் பஞ்சு வைத்து, அதில் ரோமானியர்கள் படுத்திருந்தார்கள். ஒவ்வொரு தலைக்கவசத்திலும் மயிரிழைத் தூரிகையால் வரைந்த இறகு. ஈட்டி முனையில் வெள்ளிப் புள்ளி. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள், இல்லாவிட்டால் தொட்டுவிடுவாள்.

அவரோ நேரே யானைகளிடம் போனார். குனிந்து, குட்டியின் கால் நகத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"தந்தம் என்னத்துல செஞ்சது?"

"பல்லுங்க. முன்பல்லு."

அவர் தன்னையறியாமல் நாக்கால் தன் முன்பற்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.

மாப்பிள்ளைதான் நடுவர். விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உரக்க வாசித்தார். "ரெண்டு பக்கமும் பன்னிரண்டு அணி. யார் பக்கம் முதல்ல ஆறு அணி உடையுதோ அவங்க தோத்தாங்க. யானைக்குத் தனி விதி இருக்கு. அது வரும்போது பாத்துக்கலாம். அத்தை, நீங்கதான் முதல்ல."

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கணவரின் போன் அலறியது. ஏதோ குடியிருப்பில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாம், உள்ளே இரண்டு பேரும் ஒரு வாஷிங் மெஷினும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று பல்லக்காவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, ஞாபகம் இருக்கட்டும் என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்த விரலின் வேலையோ என்னவோ, மூன்றாவது சுற்றில் சோதனை வந்தது. சம்பந்தியின் இடது ஓரத்தில் நின்ற குதிரைப் படை, முன்னால் ஓடிய அவளது கவண்வீரர்களைத் துரத்திக்கொண்டு குன்றைத் தாண்டிவிட்டது. அதன் முதுகு திறந்து கிடந்தது. பல்லக்காவின் குதிரைகள் பன்னிரண்டு அங்குலம் ஓடலாம். தூரம் பதினொன்று. டேப் வைக்கத் தேவையே இல்லை, அவள் கண்ணே அளந்துவிட்டது. பின்னாலிருந்து போய் மோதினால் அந்தக் குதிரைப் படை நொறுங்கும். அதற்கப்புறம் ரோமானியர் முதுகு மொத்தமும் அவளுக்குத்தான். காது மடல் சூடேறியது. கை குதிரைகள்மேல் போய் நின்றது.

மகள் சமையலறை வாசலிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லக்கா குதிரைகளை நாலு அங்குலம் மட்டும் நகர்த்தி, ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தினாள். "அவ்வளவுதாங்க. உங்க முறை."

சம்பந்தி பகடையை எடுக்கவில்லை. டேப்பை எடுத்தார். குதிரைக்கும் குதிரைக்கும் நடுவே நீட்டிப் பார்த்தார். சுருட்டினார்.

"பன்னிரண்டு போகலாம். நாலு போயிருக்கீங்க."

"ஆமாங்க. குதிரைங்க களைச்சுப் போயிருக்கும்னு..."

"பிளாஸ்டிக் குதிரை களைக்காதுங்க, சம்பந்தியம்மா."

சமையலறையில் குக்கர் மட்டும் புஸ்ஸென்று மூச்சு விட்டது. பல்லக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சம்பந்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையோரத்தில் வைத்தார். "ரெண்டு வருஷம் முன்னாடி இவன்கூட ஆடினேன்" என்று மகனைக் காட்டினார். "விட்டுக்குடுத்தான். அப்பாவுக்கு வயசாயிட்டுது, சந்தோஷப்படட்டும்னு. மறுபடி ஒரு தடவை ஆடினேன், மறுபடியும் விட்டுக்குடுத்தான். அன்னிக்குப் பூட்டினதுதான் அந்த அலமாரி. உங்க வீட்டு யானையைப் பத்திக் கேட்டப்புறம்தான் ஆளுங்களை வெளிய எடுத்தேன். நான் இங்க ஜெயிக்க வரலைங்க. சண்டை போட வந்திருக்கேன்."

மாப்பிள்ளை விதிப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சம்பந்தி எட்டிக் கையை நீட்டி, பல்லக்காவின் குதிரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார். தன் முதுகைக் குத்தப் போகிற குதிரைகளைத் தானே அடுக்கிவைத்தார்.

"இப்ப ஆடுங்க."

பல்லக்கா மகளைப் பார்த்தாள். மகள் தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டினாள். அவ்வளவுதான். பல்லக்கா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"வர்றேன் பாருங்க!"

குதிரைகள் பதினொரு அங்குலம் பறந்தன. ஆறு பகடைகளைக் கைக்குள் குலுக்கி உருட்டினாள். நாலு பகடையில் ஆறு விழுந்தது! ரோமானியக் குதிரைப் படை சிதறியது. நிற்காமல் அடுத்த சுற்றில், பின்வரிசையில் நின்ற வேல்வீரர்கள் மேல் பாய்ந்தாள். அவர்களும் போனார்கள்.

"உடைஞ்ச கணக்கு, ரோம் ரெண்டு! கார்த்தேஜ் பூஜ்யம்!" என்று மாப்பிள்ளை அறிவித்தார், குரல் உடைந்தது.

சம்பந்தி பதறவில்லை. அவரது மூன்றாம் வரிசைக் கிழட்டுச் சிப்பாய்களை, பஸ்ஸை முட்டுச் சந்தில் திருப்புகிற மாதிரி, அப்படியே பின்பக்கம் திருப்பினார். நீண்ட ஈட்டிகள் வேலியாக நின்றன. மோதிய வேகத்தில் பல்லக்காவின் குதிரைகள் ஒழிந்தன.

"திருப்பினாரு பாரு!" என்று பல்லக்கா வாய்விட்டே கத்தினாள். தன் படை போனதுகூட உறைக்கவில்லை. அந்தத் திருப்பம் அத்தனை அழகாக இருந்தது. ஆறு வருஷமாக ஒரு நட்டும் ஒரு மூடியும் அவளுக்கு இப்படி ஒரு அதிர்ச்சி கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு யாரும் உட்காரவில்லை. நாற்காலிகளை மகள் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டாள். பல்லக்காவின் இரண்டு கூலிப்படை அணிகள் நடுவே பாய்ந்து, ரோமானிய முன்வரிசையில் இரண்டைக் கிழித்து, தாங்களும் மடிந்தன. குன்றைத் தாண்டிச் சுற்றி வந்த சம்பந்தியின் இன்னொரு குதிரைப் படை கவண்வீரர்களைக் கொத்தாக அள்ளியது. பெரியவள் பிளிறிக்கொண்டு போய் இன்னொரு அணியை மிதித்துத் துவைத்தாள். பிளிறியது பல்லக்காதான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து, ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"ரோம் அஞ்சு! கார்த்தேஜ் நாலு!" மாப்பிள்ளை இப்போது நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

இன்னும் ஒன்று. ஒரே ஒரு ரோமானிய அணி உடைந்தால் போதும். அந்தச் சமயத்தில் சம்பந்தி, மிச்சமிருந்த ஒரே ஒரு வேல்வீரர் அணியை எடுத்து, மெதுவாக, குட்டிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். பகடைகளை அள்ளினார்.

"யோவ்! குட்டியை அடிக்காதய்யா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. சம்பந்தியை, மாப்பிள்ளையின் அப்பாவை, யோவ் என்று கூப்பிட்டாயிற்று. மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை நாற்காலிமேல் சிலையாக நின்றார்.

சம்பந்தி பகடையைக் கைக்குள் வைத்தபடியே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடிப்பேன்ம்மா! போர்னு வந்தா அடிக்காம தடவியா குடுப்பாங்க?"

சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, மேசை ஆடுகிற சிரிப்பு. அப்பா இப்படிச் சிரித்து மாப்பிள்ளையே பார்த்ததில்லை போலிருக்கிறது, அவர் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பல்லக்காவுக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்த கையோடு அவர் பகடையை உருட்டினார். ஐந்து வேல்கள் குட்டிமேல் பட்டன.

மாப்பிள்ளை புத்தகத்தைப் புரட்டினார். "யானை விதி. அஞ்சு அடி பட்டா யானைக்கு மதம் பிடிக்கும். ரெண்டு வழி இருக்கு அத்தை. பாகன்கிட்ட ஒரு உளி இருக்கும். அதால அவனே யானையைக் கொன்னுடலாம். இல்லன்னா விட்டுடலாம். விட்டா, ஒவ்வொரு சுற்று ஆரம்பத்துலயும் எட்டுமுகப் பகடை உருட்டணும். ஒண்ணு, ரெண்டு, எட்டு விழுந்தா ரோமன் ஆளுங்க மேல போகும். நாலு, அஞ்சு, ஆறு விழுந்தா திரும்பி உங்க ஆளுங்க மேலயே வரும். மூணும் ஏழும் பக்கவாட்டு."

"அம்மா கைல உளியைக் குடுத்து, அம்மா செஞ்ச யானையை அம்மாவையே கொல்லச் சொல்றீங்களே" என்று மகள் முனகினாள்.

பல்லக்கா யோசித்தாள். கொன்றுவிட்டால் ஒரு அணி நஷ்டம், ஐந்துக்கு ஐந்து, ஆனால் மிச்சம் இருக்கிற ஈட்டிப்படை பத்திரமாக நிற்கும். அடுத்த சுற்றில் அதை வைத்தே ஜெயிக்கப் பார்க்கலாம். புத்திசாலிகள் அதைத்தான் செய்வார்கள். தனியாக ஆடிய ஆறு வருஷமும் அவள் அதைத்தான் செய்தாள். ஒரு தடவைகூட யானையை ஓட விட்டதில்லை.

"ஓடட்டும்" என்றாள்.

"சபாஷ்!" என்றார் சம்பந்தி. எதிராளி என்பதையே மறந்துவிட்டார்.

பகடை உருண்டது. ஐந்து. குட்டி கண்மண் தெரியாமல் திரும்பி, பல்லக்காவின் சொந்த ஈட்டிப்படைக்குள்ளேயே புகுந்தாள். அவர்கள் தாங்கினால் பிழைத்தார்கள். உருட்டினாள். தாங்கவில்லை.

"அஞ்சுக்கு அஞ்சு!" மாப்பிள்ளையின் குரல் கீச்சிட்டது.

சம்பந்தியின் முறையில் அவர் பெரியவளைச் சுற்றி வளைக்கப் பார்த்தார். பெரியவள் அசையவில்லை, கெட்டியாக நின்றாள். மறுபடி பல்லக்காவின் முறை வந்தது. மறுபடி எட்டுமுகப் பகடை. அதை இரண்டு கைக்கும் நடுவே வைத்து, கண்ணை மூடி, குலுக்கினாள், குலுக்கினாள், மகள் "போடும்மா!" என்று கத்தும்வரை குலுக்கினாள்.

ஒன்று!

குட்டி திரும்பினாள். நேராக, நேர்கோடாக, ரோமானியரின் கடைசி வரிசையை நோக்கி. டேப்பை ஒரு முனையில் பல்லக்காவும் மறுமுனையில் சம்பந்தியும் பிடித்தார்கள். ஓட வேண்டியது பதினாலு அங்குலம். எட்ட வேண்டியது பதிமூன்று. எட்டிவிட்டாள்!

"அப்பா" என்றார் மாப்பிள்ளை. "உங்க ஆளுங்க பயந்தா உடைஞ்சாங்க, ஆட்டம் முடிஞ்சுது. பயப்படாம வரிசையைப் பிளந்து வழி விட்டாங்கன்னா யானை நடுவுல புகுந்து போயிடும். ஆனா அதுக்கு ஆறு விழணும். ஆறு மட்டும்தான்."

சம்பந்தி ஒரே ஒரு பகடையை எடுத்தார். முப்பது வருஷம் நிமிஷத்தை எண்ணிய மனிதர், அந்தப் பகடையைக் கைக்குள் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றாரோ தெரியாது. பிறகு விட்டார். அது குன்றில் முட்டி, ஆற்றைத் தாண்டி, இறந்துபோன ஒரு குதிரையில் மோதி நின்றது.

ஆறு.

ரோமானியர்கள் நடுவே சந்து விட்டு விலகினார்கள். அதைச் சம்பந்தியே ஒவ்வொரு சிப்பாயாகத் தள்ளிவைத்துச் செய்தார், மரியாதையாக. குட்டி அந்தச் சந்து வழியாகப் புகுந்து, அந்தப் பக்கம் வந்து, மிச்சம் இருந்த தூரத்தையும் ஓடி, மேசை விளிம்பைத் தாண்டினாள். விழுவதற்குள் மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து குதித்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"மேசையை விட்டுப் போன யானை உடைஞ்ச கணக்கு" என்றார், மூச்சிரைக்க. "கார்த்தேஜ் ஆறு. ரோம் ஜெயிச்சுது."

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கணவர் உள்ளே நுழைந்தார். சட்டையெல்லாம் கிரீஸ். வாஷிங் மெஷினையும் அந்த இரண்டு பேரையும் மீட்டுவிட்ட களைப்பு முகத்தில். மாப்பிள்ளை சொன்னது காதில் விழுந்ததும் முகம் மலர்ந்தது. பல்லக்காவின் பக்கத்தில் வந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, வீடு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"பிரமாதம்! கடைசி வரைக்கும் போராடின மாதிரியே நடிச்சுட்ட போலிருக்கே. மூஞ்சியெல்லாம் எப்படி வேர்த்திருக்கு பாரு!"

பல்லக்காவுக்கு வந்ததே கோபம்.

"நடிச்சேனா? நானா? ஏங்க, நெஜமாத் தோத்தேங்க! உசிரைக் குடுத்து ஆடித் தோத்திருக்கேன்! ஒரே ஒரு ஆறு, அந்த ஒரு ஆறு விழாம இருந்தா இன்னேரம் ரோமாபுரி என் கைல! நடிச்சாளாம்ல!"

"சரிசரி, நான் நம்பிட்டேன்" என்று அவர் மறுபடியும் கண்ணைச் சிமிட்டினார்.

"சம்பந்தி!" மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதட்டல் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். "உங்க சம்சாரம் நடிக்கல. என்னை யோவ்னு கூப்பிட்டாங்க."

கணவரின் கையிலிருந்த கருவிப் பை தரையில் விழுந்தது. மனைவியைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மகள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"யோவ்னா... கூப்பிட்டா?"

"கூப்பிட்டாங்க. முப்பது வருஷமா டிப்போவுல ஒருத்தன்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல" என்றார் சம்பந்தி. சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால், ஏதோ பதக்கம் வாங்கிய மாதிரி இருந்தது.

கணவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்காரப் போனார், நாற்காலி இல்லை. மகள் ஓடிப்போய் ஒன்றை இழுத்துப் போட்டாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபோது பார்த்தால், பல்லக்காவும் சம்பந்தியும் அந்தச் சிரிப்பில் இல்லை. இரண்டு பேரும் மேசைமேல் குனிந்திருந்தார்கள்.

"அந்த மூணாம் வரிசையைத் திருப்பினீங்களே, அது முன்னாடியே யோசிச்சு வச்சதா?"

"இல்ல. உங்க குதிரை வந்தப்புறம் பயந்துட்டேன். அப்ப தோணினதுதான்."

"நான் பெரியவளையும் குட்டியையும் பக்கத்துப் பக்கத்துல நிறுத்தியிருக்கணும்."

"நிறுத்தியிருந்தா ரெண்டுக்கும் ஒண்ணா மதம் பிடிச்சிருக்கும். நான் ஓடியே போயிருப்பேன்." அவர் குட்டியைக் கையில் எடுத்து, ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அடுத்த ஆட்டத்துக்கு... நான் யானைப் பக்கம் ஆடலாமா?"

தன் யானைகளை இன்னொருவர் கையில் கொடுப்பதா? அடுத்த கணம் கண் அந்தத் தகரப் பெட்டியின் மேல் போயிற்று. இறகு வைத்த தலைக்கவசங்கள், வெள்ளி முனை ஈட்டிகள், இறக்கை வரைந்த கேடயங்கள். அதையெல்லாம் தொட்டு, எடுத்து, தன் கையால் நகர்த்தலாம்!

"அப்ப ரோம் எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"எப்ப அடுத்த ஆட்டம்?"

சம்பந்தி சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார், புரட்டினார், அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று விரலை ஓட்டினார். பல்லக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று இருபது. அவரும் அதையே பார்த்தார். டைரியை மூடிப் பையில் போட்டார்.

"அம்மா, சாப்பாடு ஆறிப்போகுது!" என்று மகள் உள்ளேயிருந்து கத்தினாள். "மேசையைக் காலி பண்ணுங்க!"

"முடியாது, அடுத்த போர் ஆரம்பிச்சாச்சு!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மகள் தட்டுகளோடு வந்து பார்த்தாள். ஒன்றும் நடக்காது என்று தெரிந்துபோயிற்று. ஆளுக்கொரு தட்டைக் கையில் கொடுத்தாள். ஐந்து பேரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். பல்லக்கா இடது கையால் ரோமானியர்களை அடுக்கிக்கொண்டே வலது கையால் சாப்பிட்டாள். கணவர் ஒரு சிப்பாயை எடுத்து, "இவன் எந்தப் பக்கம்?" என்று கேட்டு, இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் "தொடாதீங்க!" என்று திட்டு வாங்கினார். மாப்பிள்ளை கையைக் கழுவிவிட்டு வந்து விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து விரித்தார்.

"அப்பா, இந்தத் தடவை நீங்கதான் முதல்ல."

சம்பந்தி பெரியவளை எடுத்து, படையின் நட்டநடுவில், முன்வரிசைக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பல்லக்கா இடுப்பில் செருகிய தலைப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டு, டேப்பை எடுத்தாள்.